கல்லுக்குள் இருந்த வாயு

பள்ளியில் வாயு தயாரிப்பு வேதியியல் வாத்தியார் பாடு. பூமிக்குள் இருக்கும் சூடு புவியியல் வாத்தியார் பாடு. வேதியியல்காரனான நான் இரண்டையும் ஒரே பீரியடில் நடத்துவேன். 1895-இல் லண்டனில் வில்லியம் ராம்சே செய்த சோதனை அதற்குப் போதும்.

துத்தநாகத்தின்மேல் நீர்த்த அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் வரும் என்பது எல்லோரும் படித்ததுதான். ராம்சே எடுத்தது கிளீவைட் என்ற யுரேனியக் கல். ஆர்கான் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். கந்தக அமிலத்தில் கல்லைச் சூடாக்கி, வந்த வாயுவைச் சுத்தம் செய்து, நிறமாலையில் பார்த்தால் ஒரு மஞ்சள் கோடு. சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில்தான், ஆனால் அதோடு பொருந்தவில்லை. 1868-இல் குண்டூர் வழியாகப் போன முழு சூரிய கிரகணத்தின்போது சூரிய விளிம்பில் தெரிந்த அதே கோடு. ஹீலியம்!

ஹில்லெபிராண்ட் என்ற அமெரிக்கர் இதே வாயுவை முன்பே எடுத்து, நைட்ரஜன் என்று எழுதிவைத்துவிட்டார். எரியும் குச்சி வாயுவில் அணைந்ததுமே கார்பன் டை ஆக்சைடு என்று எழுதும் பிள்ளைகளை அதனால்தான் நான் அதிகம் திட்டுவதில்லை.

ஹீலியம் எதனோடும் சேராதே, கல்லுக்குள் எப்படிப் போனது? அது போகவில்லை, அங்கேயே பிறந்தது. யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து ஈயமாகி முடிவதற்குள் 8 ஆல்பா துகள்களை உமிழ்கிறது. ஆல்பா துகள் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டால் ஹீலியம். பாறைக்குள் அது தலைமுடியின் தடிமன் அளவுகூடப் போகாது, மோதி நின்றுவிடும். அந்த வேகமெல்லாம் சூடாக மாறுகிறது. தோரியமும் பொட்டாசியம்-40-உம் இப்படியே சூடு தருகின்றன. ஆனால் பொட்டாசியத்திடமிருந்து ஹீலியம் வராது.

ஒரு டன் கிரானைட்டில் யுரேனியம் சில கிராம்தான். அதன் சூட்டை நம்பி ஒரு டம்ளர் காபியை வைக்க முடியாது. ஆனால் பாறை சூட்டை எளிதில் வெளியே விடாது. பூமியிலிருந்து இன்று வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் கதிரியக்கத்தால் வருவது. மீதி பூமி உருவானபோது சேர்ந்த பழைய சூடு. அந்தச் சூட்டோடு ஹீலியமும் வெளியே வருவதுண்டு: மேற்கு வங்கத்தில் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவில் ஹீலியம் இருக்கிறது.

“அப்போ பலூன்ல அடைக்கிறதும் இதுதானா சார்?” என்று ஒரு பையன் கேட்டான். இதேதான், இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். பலூன் வெடித்துக் காற்றில் கலந்தால் நாளடைவில் விண்வெளிக்குத் தப்பிவிடும். அவ்வளவு லேசான வாயுவைப் பூமியால் பிடித்துவைக்க முடியாது என்றேன். உடனே விலை கேட்டான்.