கடலுக்குள் ஒரு பருத்திச் சட்டை

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும்போது கவனியுங்கள். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கொத்துப் பஞ்சை எடுப்பார். இரு கையாலும் மெல்லப் பிரித்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே அளப்பார். அந்த இழை ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்: சர்க்கரை மூலக்கூறுகள் மணிமணியாகக் கோத்த சரம். செடிகொடிகளை நிமிர்த்தி நிறுத்துவது இதுதான். மாட்டுக்கோ மனிதனுக்கோ இதை உருவாக்கத் தெரியாது.

விலங்குகளில் ஒரே ஒரு கூட்டத்துக்குத் தெரியும். மன்னார் வளைகுடாப் பாறைகளிலும் தூத்துக்குடித் துறைமுகச் சுவர்களிலும் ஒட்டி வாழும் கடல் பீச்சிகளும் அவற்றின் உறவினங்களும்தான் அவை. அவற்றின் மேலுறையில் இருப்பது செல்லுலோஸ் என்று 1845-இல் கார்ல் ஷ்மிட் கண்டறிந்தார். அதை நெய்யும் மரபணு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாக்டீரியாவிடமிருந்து வந்து சேர்ந்தது.

நம் கல்லூரி விலங்கியல் பாடத்தில் வரும் ஹெர்ட்மேனியா என்ற கடல் பீச்சியை எடுத்துக்கொள்வோம். ஹெர்ட்மன் என்ற அறிஞரின் பெயர் அதற்கு. முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902-இல் இலங்கைக்கு வந்தவர் அவர். பை போன்ற உடம்பின் மேல் இரண்டு துளைகள். ஒன்றின் வழியே உள்ளே போகும் நீர், சல்லடை போன்ற செவுள்பைக்குள் நுழைகிறது. அங்கே பசைப்படலம் நுண்ணுயிர்களைப் பிடித்துக்கொள்ள, மிச்ச நீர் அடுத்த துளை வழியே வெளியேறும். தொட்டால் உடம்பைச் சுருக்கி நீரைப் பீய்ச்சும். அதன் இதயம் சிறிது நேரம் ஒரு திசையில் இரத்தத்தைத் தள்ளும். ஒரு கணம் நின்று, எதிர்த்திசையில் தள்ளும்.

அசையாத கடல் பீச்சிகளைச் சிப்பி, நத்தைகளோடு நெடுங்காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 1866-இல் கோவலெவ்ஸ்கி என்ற அறிஞர் அவற்றின் குஞ்சைப் பார்த்தார். தலைப்பிரட்டை போல நீந்தும் அதன் வாலுக்குள், முதுகெலும்பிகளின் கருவில் தோன்றும் அதே முதுகுநாண்! சில மணி நேரம் நீந்தியபின் பாறையில் தலையை ஊன்றி, வாலைத் தனக்குள்ளேயே கரைத்துவிடுகிறது. தாயைப் பார்த்துத் தெரியாத குலம் பிள்ளையைப் பார்த்துத் தெரிந்தது. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு இவையே என்று 2006-இல் மரபணு ஒப்பீடும் காட்டியது.

கடல் பீச்சிகளுக்குள் வரிசை பிரிப்பது செவுள்பையை வைத்து. சுவர் எளிமையாக இருந்தால் அப்ளூசோபிராங்கியா. நீளவாக்கில் இரத்தக் குழாய்கள் ஓடினால் ஃபிளெபோபிராங்கியா. அவற்றோடு மடிப்புகளும் இருந்தால் ஸ்டோலிடோபிராங்கியா. ஹெர்ட்மேனியா மூன்றாம் வீட்டுப் பிள்ளை.

நாம் செடியிடம் வாங்கி உடுத்தும் இழையை, நம் உறவுக்காரர் ஒருவர் கடலடியில் தம் உடம்பிலேயே நெய்து உடுத்தியிருக்கிறார்.