கலங்கரை விளக்கின் கண்ணாடி

பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு போனால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. கலங்கரை விளக்கம்தான் அந்த ஊருக்கே பெயர். நாம் அண்ணாந்து பார்ப்பது கோபுரத்தின் உயரத்தை. உயரமும் வேண்டும்தான்: 50 மீட்டர் உயரத்து விளக்குகூட, பூமியின் வளைவால், கடல்மட்டத்தில் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால் மறைந்துவிடும். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுசேர்க்கும் வழியை உலகுக்குக் காட்டியது கண்ணாடி.

சுடர் எல்லாத் திசையிலும் ஒளியை இறைக்கும். வானத்துக்குப் போவதும் தரையில் விழுவதும் படகுக்காரருக்கு உதவாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணில் 1844-ல் விளக்கேற்றியபோது, பின்னால் உலோகப் பிரதிபலிப்பான்களை வைத்தார்கள். உலோகமோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பெரிய குவிலென்ஸ் செய்யலாமென்றால், தாங்க முடியாத கனம்.

இந்தச் சிக்கலை அதற்கு முன்பே அவிழ்த்தவர் பிரான்சின் சாலைப் பொறியாளர் அகஸ்டின் ஃபிரெனெல். ஒளி ஓர் அலை என்று நிறுவியவர்களில் முக்கியமானவர். லென்ஸில் ஒளியைத் திருப்புவது வளைந்த மேற்பரப்புதான், உள்ளே இருக்கும் கண்ணாடி வெறும் சுமை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுமையைக் கழித்து, வளைவை மட்டும் வளையம் வளையமாகப் படிக்கட்டுபோல அமைத்தார். 1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கில் அது முதன்முதலாக ஏறியது. கோர்துவான் நிற்பது ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில்; நம் பழவேற்காட்டைப் போலவே மணல்திட்டுகள் இடம் மாறும் இடம். பின்னாளில் மேலும் கீழும் முப்பட்டகங்களை அடுக்கி, முழு அக எதிரொளிப்பால் சிதறும் ஒளியையும் கடலை நோக்கித் திருப்பினார்கள். காசநோய் ஃபிரெனெலை 1827-ல், 39 வயதிலேயே கொண்டுபோய்விட்டது. அறிவியலுக்கு அது பெரிய இழப்பு.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இந்தக் கண்ணாடியின் பகல்பொழுது. ஒளி போன வழியிலேயே திரும்பியும் வரும். வெயில் வெளியிலிருந்து நுழைந்தால் அத்தனையும் நடுவில் குவிந்து விளக்கையே கருக்கிவிடும். அதனால் காவலர்கள் விடிந்ததும் திரை இழுத்து மூடுவார்கள்.

இந்த லென்ஸைப் பல பலகைகளாக அமைத்துச் சுழலவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு கற்றையை வீசும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மின்னி மறையும். மின்னலுக்கு மின்னல் இடைவெளி விளக்குக்கு விளக்கு வேறு. கடலில் இருப்பவர் நொடிகளை எண்ணியே எந்த ஊர்க் கரை என்று சொல்லிவிடலாம். படகில் ஜிபிஎஸ் வந்த பிறகும், அதன் பேட்டரி தீர்ந்துபோன இரவில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.