முட்டைச் சமையலில் விருப்ப வேறுபாடுகள்

தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்களின் உணவகங்களில் ஒருவர் முட்டையை எப்படிக் கேட்கிறார் என்பது பெரும்பாலும் மஞ்சள் கரு எவ்வளவு வேக வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஆஃப்பாயிலில் அது உடையாமல் இளகியிருக்கும். ஃபுல்பாயிலில் திருப்பிப் போட்டு வேகவைக்கப்படும். (பெயரில் ‘பாயில்’ இருந்தாலும் இரண்டுமே தண்ணீரில் அவிப்பவை அல்ல, கல்லில் எண்ணெய் விட்டுச் சுடுபவை.) கலக்கியில் இரு கருக்களும் கலந்து, குழைவாக இருக்கும்போதே எடுக்கப்படும்.

வெள்ளைக் கரு சுமார் 62 டிகிரி செல்சியசில் உறையத் தொடங்குகிறது. மஞ்சள் கரு உறையச் சற்றுக் கூடுதல் வெப்பம் வேண்டும். இந்தச் சிறு இடைவெளியில்தான் ஆஃப்பாயில் உருவாகிறது. ஆனால் முழுதும் வேகாத கருவில் சால்மோனெல்லா கிருமி எஞ்சக்கூடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நன்கு வெந்த முட்டையே ஏற்றது.

1989இல் தமிழகச் சத்துணவில் சேர்ந்த முட்டையும் முழுதாக அவித்ததே. அங்கே பிள்ளைகளின் விருப்பம் கேட்கப்படவில்லை. முட்டை உண்ணாதோருக்கு வாழைப்பழமும், மிளகு, தக்காளி மசாலா சேர்த்த முட்டையும் பின்னரே வந்தன.