காலுறையும் மஞ்சள் பையும்

டிசம்பர் மாதம் பிறந்ததும் விக்ரோலியில் கிறிஸ்தவக் குடும்பங்களின் சாளரங்களில் காகித நட்சத்திரங்கள் ஒளிரத் தொடங்குகின்றன. கடைகளிலோ வெள்ளை விளிம்பிட்ட சிவப்புக் காலுறைகள் தொங்குகின்றன. நட்சத்திரத்தின் பொருள் யாவருக்கும் தெரியும். கணப்படுப்பும் புகைபோக்கியும் இல்லாத, கம்பளிக் காலுறைக்கு வேலையே இல்லாத இந்நகரில் இந்தக் காலுறை எதற்கு என்று குழந்தைகள் வினவினால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குகிறோம்.

இன்று துருக்கி நாட்டில் டெம்ரே என வழங்கும் ஊர் முற்காலத்தில் மைரா எனப்பட்டது. நான்காம் நூற்றாண்டில் அங்கு ஆயராக விளங்கியவர் புனித நிக்கலஸ். அவரைப் பற்றிய பழங்கதை நம் நாட்டுப் பெற்றோருக்கு அந்நியமாகத் தோன்றாது. வாழ்ந்து கெட்ட ஒருவருக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்களின் வாழ்வே சீரழியும் நிலை. இதனைக் கேள்வியுற்ற நிக்கலஸ், பகலில் சென்று கொடுத்தால் அம்மனிதரின் மானம் போய்விடுமே என்று எண்ணி, இரவில் சாளரத்தின் வழியே பொன்முடிப்பை எறிந்துவிட்டு நடந்தார். பெண்ணுக்கு ஒன்றாக மூன்று முடிப்புகள். மூன்றாம் முறை தந்தை விழித்திருந்து அவரைப் பிடித்துக்கொண்டபோது, இதனை எவரிடமும் கூறலாகாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாராம். உலர்வதற்குத் தொங்கவிட்ட காலுறையில் அப்பொன் விழுந்தது என்பது பிற்காலத்தார் சேர்த்தது. காலுறையின் நுனியில் ஆரஞ்சுப் பழம் வைப்பதை அப்பொன்னின் நினைவு என்பர்.

இந்த வழக்கம் தேசத்துக்குத் தேசம் வேடம் மாறியது. ஹாலந்தில் டிசம்பர் 5ஆம் நாளை ஒட்டிய இரவுகளில் குழந்தைகள் காலணியை வைத்து, புனிதரின் குதிரைக்கென அதில் காரட்டும் இடுவார்கள். ஸ்பெயினில் ஜனவரி 5ஆம் நாள் இரவில் மூன்று ராஜாக்கள் பரிசு கொணர்கிறார்கள். இத்தாலியில் அதே இரவில் பெஃபானா என்னும் கிழவி வந்து காலுறையை நிரப்புகிறாள். குறும்பு செய்த குழந்தைக்குக் கரித்துண்டு! ஐஸ்லாந்தில் அழுகிய உருளைக்கிழங்கு என்பார்கள். குழந்தையை அச்சுறுத்தும் இப்பகுதியை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

நம்மிடையே இருப்பது பலகாரத் தட்டு. கோவா, மங்களூர்க் குடும்பங்கள் குல்குலும் நெவ்ரியும் அனுப்ப, திருநெல்வேலி, நாகர்கோவில் குடும்பங்கள் முறுக்கும் அதிரசமும் அனுப்புகின்றன. இனிய வழக்கமே. ஆயினும் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது ஊரறிந்த மரபு. பண்டிகை மாதத்தில் வேலையிழந்த வீட்டுக்கு நான்கு தட்டுகள் வந்துவிட்டால், அது மகிழ்ச்சியா, கடனா? பெயரற்ற பரிசின் அருமை இங்கேதான் விளங்குகிறது. அதற்கு மறுமொழி அனுப்ப முகவரியே இல்லை.

எனவே கடைச் சரக்கை வாங்குவதினும், வீட்டிலேயே பை தைப்பது நன்று என்போம். காலணியை வாயிலுக்கு வெளியே விடும் நமக்கு, அதில் தின்பண்டம் இடுவது ஒவ்வாது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வரும் மஞ்சள் பை நம் கைக்குப் பழக்கமானது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு இரு நாள் முன்பாகத்தான், தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிற்று. தையற்கடையில் மிஞ்சிய துண்டுத் துணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை தைத்து, எழுத்தை நூலால் பின்னலாம். பாட்டிக்கும் ஒன்று வேண்டும். குழந்தைகளுக்கு மட்டும் என்று விட்டுவிடுவது நமக்குச் சம்மதமன்று. நாகபுரி ஆரஞ்சு ஒன்று, பென்சில், சிறு புத்தகம் போதும். பெயர் பின்னாத பை ஒன்றும் கூடுதலாகத் தைத்து, இருட்டிய பின் வேண்டிய வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வரலாம். மணியை அழுத்த வேண்டாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. எறும்பும் எலியும் பண்டிகை பாராதவை. அதிரசத்தை மூடியுள்ள டப்பாவில் இட்ட பிறகே பையில் வைக்க வேண்டும்.