கோவையில் ஓடியது சர்வரில் ஏன் நிற்கிறது?

கோவைப் பட்டறையின் சோதனை மேடையில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பம்ப், பல்லடத்துத் தோட்டத்தில் மின்னழுத்தம் குறைந்தால் திணறும். பழுது மோட்டாரில் இல்லை, அது போய்ச் சேர்ந்த இடத்தில். சரவணம்பட்டி அலுவலகக் கணினியில் நன்றாக ஓடிய இணையச் செயலி சர்வரில் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இப்படித்தான். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் வழக்கமாகப் பொருட்படுத்தாது; லினக்ஸ் விடாது. ஒரே எழுத்து மாறினாலும் படம் வராது, 404 பிழை வரும். 502 வந்தாலோ கதை வேறு: முன்னால் நிற்கும் இணையச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் உள்ள செயலியிடமிருந்து அதற்கு முறையான பதில் கிடைக்கவில்லை. தேடல் அந்தச் செயலியில்தான் தொடங்க வேண்டும்.

‘எல்லாவற்றையும் டாக்கருக்குள் அடைத்துவிட்டால் தீர்ந்ததே’ என்பார்கள். 2013இல் வந்த டாக்கர், செயலியையும் அதன் நூலகங்களையும் கன்டெய்னர் என்ற ஒரே பொதிக்குள் வைத்து, நூலகப் பதிப்புகள் முரண்படும் தொல்லையைப் பெருமளவு குறைத்தது உண்மை. ஆனால் டேட்டாபேஸ் முகவரியும் கடவுச்சொல்லும் பொதுவாக வெளியிலிருந்துதான் வருகின்றன. அலுவலகக் கணினியில் 127.0.0.1 என்று எழுதியது அங்கேயே இருந்த டேட்டாபேஸைக் காட்டியது. கன்டெய்னருக்குள் அதே எண் வழக்கமாக அந்தக் கன்டெய்னரையே காட்டும். செயலி தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும். சூழல் மாறியதை டாக்கர் மறைக்கிறது, ஒழிப்பதில்லை. எனவே சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் முன், எது மாறியது என்று அறிய லாக் கோப்பின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள்.