பிளகின் நல்லா இருக்கா, இல்ல வெறும் சத்தமா இருக்கா?

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு லிசனர் அனுப்பின வாய்ஸ் நோட். அவர் ஐடி வேலையில இருக்கார், ராத்திரி வீட்டு ரூம்ல உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் பண்றார். கேள்வி இதுதான்: “சாஃப்ட்வேர்கூடவே வந்த கம்ப்ரஸர் என்கிட்ட இருக்கு. ஆனா சேல்ல ஒரு பிராண்டட் கம்ப்ரஸர் பத்தாயிரம் ரூபாய்க்கு வருது. டெமோ போட்டதும் குரல் சட்டுனு அழகாயிடுச்சு. வாங்கலாமா?”

பத்தாயிரம் சின்னத் தொகை இல்ல. அதே காசுக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் வரும். அதனால ‘வாங்குங்க’, ‘வாங்காதீங்க’ன்னு சொல்லாம, நீங்களே முடிவு பண்ற மாதிரி ஒரு டெஸ்ட் சொல்றேன். அது ஏன் தேவைன்னு புரிய, முதல்ல பிளகினுக்குள்ள எட்டிப் பார்க்கணும்.

உள்ளே என்ன ஓடுது?

ஒரு காலத்துல எஃபெக்ட்னா அது பெட்டி. ஸ்டுடியோ ரேக்கில் கம்ப்ரஸர் ஒரு பெட்டி, ரிவெர்ப் இன்னொரு பெட்டி. 1996-ல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம், தன்னோட கியூபேஸ் மென்பொருளோடு வி.எஸ்.டி. என்ற ஃபார்மேட்டைக் கொண்டுவந்தது. ‘வர்ச்சுவல் ஸ்டுடியோ டெக்னாலஜி’ என்பதன் சுருக்கம் அது. மத்த கம்பெனிகளும் அந்த ஃபார்மேட்டில் எஃபெக்ட் எழுத வழி திறந்ததும் பிளகின் சந்தை பெருசாச்சு.

கோடு எழுதுறவங்களுக்கு ஒரே வரியில சொல்றேன்: பிளகின் என்பது ஒரு ஃபங்ஷன். எண்கள் உள்ள வரும், எண்கள் வெளிய போகும். சிடி தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். மென்பொருள் அதை, உதாரணமா, 512 எண்கள் கொண்ட பொட்டலமா பிளகின் கையில கொடுக்கும். 512 எண்கள்னா சுமார் 11.6 மில்லி செகண்ட். அடுத்த பொட்டலம் வர்றதுக்குள்ள உங்க செஷன்ல இருக்கிற எல்லா பிளகினும் கணக்கை முடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும். லேட்டானா ஸ்பீக்கர்ல ‘டிக் டிக்’னு கேட்கும். நிறைய பிளகின் போட்டா லேப்டாப் திணறுறது இதனாலதான்.

அந்த எண்களை வெறுமனே 2-ஆல் பெருக்கினா சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். அவ்வளவுதான், ஒரு வால்யூம் பிளகின் ரெடி!

ஈக்யூ: ஊருக்கே தெரிஞ்ச ஃபார்முலா

ஈக்யூவில் நீங்க இழுக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால பெரும்பாலும் ‘பைக்வாட்’ என்கிற ஃபில்டர் இருக்கும். இப்போ வந்த எண், அதுக்கு முந்தின ரெண்டு எண்கள், ஏற்கெனவே வெளிய போன ரெண்டு எண்கள். இந்த அஞ்சையும் தனித்தனி எண்ணால பெருக்கிக் கூட்டணும். அஞ்சு பெருக்கல், கொஞ்சம் கூட்டல், முடிஞ்சது.

பெருக்க வேண்டிய அந்த அஞ்சு எண்களைக் கண்டுபிடிக்கிற ஃபார்முலாக்களை ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் என்ற இன்ஜினியர் ‘ஆடியோ ஈக்யூ குக்புக்’ என்ற பெயரில் தொகுத்து எல்லாருக்கும் இலவசமாவே கொடுத்திருக்கார். நீங்க இதைப் படிச்சுட்டு இருக்கிற பிரவுசரோட வெப் ஆடியோ வசதியில இருக்கிற ஃபில்டர்களும் அதே ஃபார்முலாக்களில் இருந்து வந்ததுதான். அதனால, சாதாரண ஈக்யூவுக்கு விலை போட்டா, அந்த விலை பெரும்பாலும் கணக்குக்கு இல்ல, ஸ்க்ரீனுக்கும் வசதிக்கும்தான். அது தப்பில்ல. ஆனா எதுக்குக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

கம்ப்ரஸர்: ஏமாற்றம் ஒளிஞ்சிருக்கிற இடம்

கம்ப்ரஸரோட வேலை, சத்தம் ஒரு கோட்டைத் தாண்டும்போது அமுக்குறது. அந்தக் கோட்டுக்குப் பேரு த்ரெஷோல்ட். அது மைனஸ் 20 டெசிபல், ரேஷியோ 4:1 என்று வைப்போம். பாடகர் மைனஸ் 8-ல் ஒரு உச்சஸ்தாயி பிடிக்கிறார். கோட்டுக்கு மேல 12 டெசிபல். ரேஷியோ 4 என்பதால் அந்த 12, 3 ஆகும். வெளிய வர்றது மைனஸ் 17. அதாவது 9 டெசிபல் குறைஞ்சிருக்கு.

இப்போ உச்சங்கள் எல்லாம் தணிஞ்சிருச்சு. ஆனா மெதுவாப் பாடின வரி அப்படியே இருக்கு. அதனால இழந்த சத்தத்தை ஈடுகட்ட மொத்தத்தையும் ஏத்துவாங்க. இதுக்கு மேக்கப் கெயின்னு பேரு. நிறைய கம்ப்ரஸர்கள் இதைத் தானாவே செய்யும். உச்சம் பழைய இடத்துக்கே வரும். ஆனா மெதுவான வரிகளும் மூச்சும் சேர்ந்து மேல ஏறும். சராசரிச் சத்தம் கூடிடும்.

நம்ம காது மாட்டிக்கிற இடம் இது. 1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் ஒரு விஷயத்தை அளந்து காட்டினாங்க: சத்தம் குறைவா இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது சரியாப் பிடிக்காது, சத்தம் ஏற ஏற பேஸ் தானா நிரம்பும். அதனால ஒரு டெசிபல் கூடினா ‘சத்தம் கூடிருக்கு’ன்னு நமக்குத் தோணாது. ‘குரல் கிளியரா இருக்கு, கனமா இருக்கு, பக்கத்துல இருக்கு’ன்னுதான் தோணும். டெமோ பிளகினை ஆன் பண்ணின அந்த நொடியில ‘அடடா’ன்னு சொல்ல வைக்கிறது பெரும்பாலும் இந்த ஒரு டெசிபல்தான்.

பாட்டு வெளிய போனதும் இந்த அழகு நிலைக்குமா? ஸ்பாட்டிஃபை தன்னோட வழக்கமான செட்டிங்கில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் என்ற சராசரி அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க வைக்குது. சத்தத்தால கிடைச்ச அழகு அங்கேயே கழன்றுடும். அமுங்கின உச்சங்கள் மட்டும் மிஞ்சும்.

பத்து நிமிஷ டெஸ்ட்

ஒண்ணு: டெமோ பிளகினுக்கு அடுத்து ஒரு லவுட்னஸ் மீட்டர் போடுங்க. இலவசமாவே கிடைக்கும். பாட்டோட ஒரே 20 விநாடியை, பிளகின் ஆன்ல ஒரு தடவை, ஆஃப்ல ஒரு தடவை ஓட விட்டு லஃப்ஸ் எண்ணைக் குறிச்சுக்கோங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை பிளகினோட அவுட்புட் நாப்ல குறைச்சிடுங்க.

ரெண்டு: உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற கம்ப்ரஸரையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அமுக்க வச்சு, அதையும் அதே சத்தத்துக்குக் கொண்டுவாங்க. இந்த ஸ்டெப்பை விட்டுடாதீங்க. ஏன்னா போட்டி ‘கம்ப்ரஸர் வேணுமா வேண்டாமா’ என்பது இல்ல; ‘இதுவா, கையில இருக்கிறதா’ என்பதுதான்.

மூணு: கண்ணை மூடிக்கோங்க. தம்பியோ ரூம்மேட்டோ இஷ்டத்துக்கு மாத்தி மாத்திப் போடட்டும். பத்து தடவை. எது புது பிளகின்னு நீங்க சொல்லணும். அஞ்சு, ஆறு சரியா வந்தா அது காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். ஒன்பதோ பத்தோ வந்தா வித்தியாசம் நிஜம்னு நம்பலாம். குருட்டாம்போக்குல அப்படி வர சுமார் 1 சதவீத வாய்ப்புதான் இருக்கு.

ஈக்யூவுக்கு இதைவிட ஒரு ஈஸி வழி உண்டு. ஒரே டிராக்கை டூப்ளிகேட் பண்ணி, ரெண்டு ஈக்யூவிலும் ஒரே செட்டிங் வச்சு, ஒண்ணோட போலாரிட்டியைத் திருப்பிப் போடுங்க. 5-ம் மைனஸ் 5-ம் கூட்டினா பூஜ்யம். முழு அமைதி வந்தா ரெண்டும் ஒரே சரக்கு. இதுக்கு நல் டெஸ்ட்னு பேரு. கோரஸ் மாதிரி நேரத்துக்கு ஏற்ப மாறிட்டே இருக்கிற எஃபெக்ட்டுக்கு மட்டும் இது சரிப்படாது.

அப்போ காசு எங்க நியாயம்?

எல்லா பிளகினும் ஒண்ணுதான்னு நான் சொல்லலை. டிஸ்டார்ஷன், சாச்சுரேஷன் மாதிரி புதுசா அதிர்வெண்களை உருவாக்குற எஃபெக்ட்டுகளில் இன்ஜினியரிங் தரம் நல்லாவே காதுல விழும். 15,000 ஹெர்ட்ஸ் ஒலியை சாச்சுரேட் பண்ணா மூணாவது ஹார்மோனிக் 45,000-ல் வரணும். ஆனா 44,100 சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேல, அதாவது 22,050-க்கு மேல, எதுவும் இருக்க முடியாது. அந்த ஒலி மடங்கி 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். பாட்டோட ஸ்ருதிக்குச் சம்பந்தமே இல்லாத ஒலி! இதுக்கு அலியாசிங்னு பேரு.

நல்ல பிளகின் உள்ளுக்குள்ள சாம்பிள் ரேட்டை நாலு மடங்கு, எட்டு மடங்குன்னு ஏத்தி, கணக்கைப் போட்டு, வேண்டாததை வடிகட்டிட்டு, பழைய ரேட்டுக்கு இறக்கும். இது ஓவர்சாம்ப்ளிங். இதை ஒழுங்காச் செய்ய உழைப்பு வேணும். அந்த உழைப்புக்குக் காசு கொடுக்கலாம், தப்பே இல்ல. வேலையை வேகமாக்குற நல்ல இன்டர்ஃபேஸுக்கும் கொடுக்கலாம்.

கிராக் வெர்ஷன் பத்திக் கேட்பீங்க. பிளகின் என்பது உங்க மென்பொருளுக்குள்ள, உங்க ஃபைல்களைத் தொடுற உரிமையோட ஓடுற முழு புரோகிராம். யாரோ உடைச்சுக் கட்டின பைனரியை ஆபீஸ் லேப்டாப்ல ஏத்துவீங்களா? அதே பதில்தான்.

ஆக, அந்த லிசனருக்கு என் பதில்: சேல் முடியறதுக்குள்ள டெஸ்ட்டை முடிச்சிடுங்க. சத்தத்தைச் சமமாக்கின பிறகும் பத்துக்கு ஒன்பது வந்து, அந்த வித்தியாசம் உங்களுக்குப் பிடிச்சும் இருந்தா தாராளமா வாங்குங்க. வரலைன்னா அந்தப் பத்தாயிரம் ஹெட்ஃபோனுக்குப் போகட்டும்.

நீங்களும் டெஸ்ட் பண்ணிட்டு, பத்துக்கு எத்தனைன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ரெண்டு வந்தாலும் வெட்கப்படாம சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல ரிவெர்ப். பார்க்கலாம் மக்களே!