குழந்தைக்குப் படப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். காபி கொடுத்த கையோடு, இரண்டரை வயசு வாண்டை ஹாலுக்கு அழைத்து வருகிறீர்கள். கூடவே படப் புத்தகமும் வருகிறது.

"மாமாவுக்குச் சொல்லு கண்ணா... இது என்னது?"

குழந்தை உங்களைப் பார்க்கிறது, மாமாவைப் பார்க்கிறது. அப்புறம் அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக் கொள்கிறது.

"நேத்துகூட கரெக்டா 'ஆப்பிள்'னு சொன்னானே! இப்ப பாருங்க, மானத்தை வாங்கறான்..."

எத்தனையோ வீடுகளில் நடக்கிற கூத்துதான் இது. குழந்தை மேல் தப்பே இல்லை. மடியில் உட்கார்ந்து ரசிக்க வேண்டிய புத்தகத்தை நாம்தான் பரீட்சைப் பேப்பராக மாற்றிவிட்டோம். இதே கதை நாலு தடவை நடந்தால் புத்தகம் என்றாலே குழந்தை ஓட ஆரம்பித்துவிடும்.

ஆரோக்கியத்துக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் தன் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனமோ 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டு வயது நிறைகிற வரை டி.வி., செல்போன் வேண்டாம். அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படித்துக் காட்டுங்கள், கதை சொல்லுங்கள் என்கிறது அது.

காரணம் எளிமையானது. டி.வி. பேசும், ஆனால், குழந்தையின் பதிலுக்காகக் காத்திருக்காது. நீங்கள் காத்திருப்பீர்கள். குழந்தை விரலால் ஒரு காக்காயைத் தொடுகிறது. "ஆமாண்டா, காக்கா! வடையைத் தூக்கிட்டுப் போகுது பாரு" என்கிறீர்கள். குழந்தை "கா... கா..." என்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது.

அப்படியானால் கடையில் குவிந்து கிடப்பதில் எதை வாங்குவது?

நல்ல புத்தகத்தின் அடையாளம்

இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் 1968-ல் எழுதி, படமும் வரைந்த 'ரோஸீஸ் வாக்' என்ற புத்தகத்தை உதாரணமாகச் சொல்லலாம். ஒரு கோழி உலாவப் போகிறது, வீட்டுக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் அவ்வளவுதான் கதை. ஆனால் படத்தைப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி கோழியைப் பிடிக்கப் பாய்ந்து, மூக்கு உடைபடுகிறது, குளத்தில் விழுகிறது! எழுத்தில் நரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதனால் குழந்தைதான் "நரி! நரி!" என்று கத்தியாக வேண்டும். எழுத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாதது, படத்தைப் பார்க்கிற குழந்தைக்குத் தெரிகிறது. அந்தப் பெருமை இருக்கிறதே, அதுதான் அதன் வாயைத் திறக்கிறது.

நம் சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, பிரியா குரியனின் 'அம்மாச்சிஸ் கிளாஸஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாட்டியின் மூக்குக் கண்ணாடி காணாமல் போய்விடுகிறது. அதனால் நடக்கிற அமர்க்களம்தான் புத்தகம். கதைக்குள் வார்த்தையே கிடையாது! இங்கிலீஷ் தெரியாத பாட்டியும் பேரனுக்குச் சொல்லலாம். பேரன் பாட்டிக்கும் சொல்லலாம்.

ஆக, நல்ல படப் புத்தகம் என்பது எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிடாது. குழந்தை சொல்வதற்கு இடம் விட்டு வைக்கும்.

கடையிலேயே ஒரு சின்ன டெஸ்ட்!

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இந்த நான்கையும் செய்து பாருங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

1. எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். அதில் ஏதாவது நடக்கிறதா? பேச ஏதாவது இருக்கிறதா?

2. ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் பேசுகிற தமிழ் மாதிரி நாக்கில் புரள வேண்டும். கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள்.

3. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'ஆகவே குழந்தைகளே...' என்று உபதேசம் பண்ணுவதற்காகவே கதை எழுதப்பட்டிருக்கிறதா? உபதேசம் செய்யத்தான் வீட்டில் நாம் இருக்கிறோமே!

4. இதைப் பத்து ராத்திரி திரும்பத் திரும்பப் படிக்க உங்களால் முடியுமா? குழந்தை கட்டாயம் கேட்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பக் கேட்கக் கேட்கத்தான் வார்த்தைகள் மனசில் பதியும்.

எந்த வயசுக்கு எது?

முதல் சில மாதங்கள்: பிறந்த குழந்தைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு அங்குல தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் பளிச்சென்று தெரிகிற பெரிய படங்கள் போதும்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது: புத்தகம் நேரே வாய்க்குத்தான் போகும்! துவைக்கக்கூடிய துணிப் புத்தகமோ, கெட்டி அட்டைப் புத்தகமோ வாங்குங்கள். முனைகள் மழுங்கலாக இருக்கட்டும். ஸ்டேப்ளர் பின், ஒட்டிய மணி, பொத்தான் எதுவும் கூடாது.

ஒன்றிலிருந்து இரண்டு: பூனை, பந்து, செருப்பு, பஸ் என்று தினமும் பார்க்கிற விஷயங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

இரண்டிலிருந்து மூன்று: ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற குட்டிக் கதைகள்.

மூன்றுக்கு மேல்: நரி மாதிரி ஒளிந்து விளையாடுகிற படங்கள், அடுத்து என்ன ஆகுமோ என்று யோசிக்க வைக்கிற கதைகள்.

எப்படிப் படித்துக் காட்டுவது?

கேள்வியை மாற்றினாலே போதும். "இது என்ன?" என்பதற்கு ஒரே பதில்தான், தப்பாகிவிடுமோ என்ற பயமும் உண்டு. "அந்த நாய் ஏன் ஓடுது?", "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். "நாய் ஓது" என்று குழந்தை சொன்னால் திருத்தாதீர்கள். "ஆமா, கறுப்பு நாய் வேகமா ஓடுது" என்று இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லுங்கள். 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் பெற்றோர் சிலருக்கு இந்த முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அவர்களுடைய குழந்தைகள், வழக்கம்போல் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முன்னேறியிருந்தார்கள்!

ஆனால் ஒன்று. ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, இரண்டு வயதாகியும் 'அம்மா வா' என்பது போல் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை... இப்படி ஏதாவது இருந்தால் புத்தகத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று தள்ளிப் போடவும் வேண்டாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

எங்கே தேடுவது?

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தைப் புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன; புத்தகக் கண்காட்சிகளில் அவர்கள் ஸ்டாலைத் தேடிப் போங்கள். தூலிகாவின் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கும். பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசம். செல்போனில் காட்டாமல், நாலு கதைகளை பிரிண்ட் எடுத்துத் தைத்துக் கொடுங்களேன். சென்னைவாசிகள் என்றால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பா? ஐந்து குடும்பம் சேர்ந்து ஆளுக்கு இரண்டு புத்தகம் வாங்கி, வாரம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். பத்துப் புத்தகத்துக்கு நீங்கள் கொடுப்பது இரண்டு புத்தகத்தின் விலைதான்! மற்றவர்களுக்குச் சிபாரிசு பண்ணும்போது "நல்லா இருக்கு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "என் பையனுக்கு மூணு வயசு. அந்த நரி குளத்துல விழற பக்கத்தை எட்டு தடவை திருப்பச் சொன்னான்" என்று சொல்லுங்கள். விளம்பரத்தைவிட நம்பகமான சர்ட்டிபிகேட் அது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால், "இது என்ன?" என்று கேட்கச் சொல்லாதீர்கள். புத்தகத்தை மாமா கையிலேயே கொடுத்து, குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்காரச் சொல்லுங்கள். கோழிக்குப் பின்னால் வருகிற நரி மாமாவின் கண்ணில் படாவிட்டால், குழந்தையே சொல்லிக் கொடுக்கும்.